காய்ந்த டிரம்முக்குள் இருந்தது

தண்ணீர்த் தொட்டிக்குள் டார்ச் அடித்துக் கொசுப்புழு தேடுவது எங்கள் வேலை. அன்று ராஜபாளையத்தில் அந்த வீட்டுக்குப் போனவர்கள் மூவர்: நான், கூட வேலை பார்க்கும் வன்னியம்பட்டி மாரியம்மாள், எங்கள் சூப்பர்வைசர். வீட்டில் இருந்தவர்கள் இருவர்: பேண்டேஜ் துணித் தறிக்குப் போகும் முத்துலட்சுமி, அவளுடைய சின்ன மகள். பெரிய மகள் டெங்குக் காய்ச்சலோடு ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். சின்னவளுக்கும் வந்துவிடக் கூடாது. கொசுக்கடி பட்ட உங்களுக்கு அந்தப் பதைப்பைச் சொல்ல வேண்டியதில்லை.

முத்துலட்சுமி சாக்கடையைக் காட்டினாள்

"ராத்திரி காதுக்குள் பாடுவது சாக்கடைக் கொசும்மா. டெங்குக் கொசுவுக்குக் காலில் வெள்ளை வரி இருக்கும். பகலில் கடிக்கும். நல்ல தண்ணீரில்தான் வளரும்" என்றேன், தரையைப் பார்த்தபடி. அவள் நம்பவில்லை. குடிதண்ணீர் டிரம்மில் ஒரு கரண்டி மோந்து வெள்ளைத் தட்டில் ஊற்றினேன். இருபத்து மூன்று புழுக்கள் நெளிந்தன. அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"நோயை நானே மூடி போட்டு வளத்திருக்கேனே அண்ணாச்சி!"

பிரிட்ஜின் முதுகு

அடுத்தவர் அடுப்படிக்குள் போக எனக்குக் கூச்சம். வாசலிலேயே நின்றேன். மாரியம்மாள் உள்ளே போய், பிரிட்ஜுக்குப் பின்னால் தண்ணீர் சொட்டும் தட்டை உருவி எடுத்து வந்தாள். அதில் பதினொன்று. இத்தனை வருஷத்தில் அந்தத் தட்டை எத்தனை வீடுகளில் பார்க்காமல் விட்டேனோ!

"உள்ள வாங்க அண்ணாச்சி, உங்களை என்ன பொண்ணு பாக்கவா கூப்பிடுதாக?" என்றாள் மாரியம்மாள்.

அட்டையில் எழுதிய சைபர்

வீட்டிலிருந்த மூன்று டிரம்களையும் கொட்டிக் கவிழ்த்தோம். மறுவாரம் போனேன், நன்றாகக் காய்ந்திருந்தன. கதவில் ஒட்டிய அட்டையில் 'புழு: 0' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பிறகு குழாயில் தண்ணீர் வந்தது. முத்துலட்சுமி டிரம்களை நிரப்பி, பேண்டேஜ் துணியை நாலாக மடித்து வாயைக் கட்டினாள்.

ஐந்தாம் நாள் துணியை அவிழ்த்தேன். மூன்றிலும் புழு! கொசு நுழைய வழியே இல்லை. சூப்பர்வைசர் டிரம்மின் உள்சுவரை விரலால் தடவி, கடுகைவிடச் சிறிய கருப்புப் புள்ளிகளைக் காட்டினார். "முட்டை ஒட்டிக்கிட்டு மாசக்கணக்கா காஞ்சு கெடக்கும். தண்ணி பட்டாப் பொரிக்கும். உள்ளே தேச்சியளா?"

தேய்க்கவில்லை. கொட்டியதோடு விட்டுவிட்டேன். முத்துலட்சுமி சின்னவளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"நீங்க சைபர்னு எழுதுனதை நம்பித்தானே இவளைப் பகல்ல இங்க தூங்க வச்சேன்!"

மூன்றையும் வடிகட்டித் தேடினேன். கொசுவாக மாறுமுன் வரும் கூட்டுப்புழு ஒன்றுமில்லை, ஆகவே பறந்ததும் ஒன்றுமில்லை. சின்னவளுக்குக் காய்ச்சல் வரவில்லை.

இப்போது காய்ந்து கிடக்கும் டிரம்களையும் எண்ணுகிறேன்: அந்தத் தெருவில் மொத்தம் அறுபத்து மூன்று, நார் போட்டுத் தேய்த்தது ஐம்பத்தாறு, பக்கத்து வீட்டார் நிம்மதியாகப் பூட்டிவிட்டு ஊருக்குப் போனதால் பாக்கி ஏழு.