மூடிமேல் ஆறும் துண்டு

4.8.2024: இறைச்சி 8 கிலோ, கழித்த கொழுப்பு 1 கிலோ 100 கிராம்.
11.8.2024: 8 கிலோ, 1 கிலோ 150 கிராம்.
18.8.2024: 10 கிலோ, 1 கிலோ 400 கிராம்.

சுக்காக் கடை சம்சுவிடம் நான் குறித்துவந்த கணக்கு இது. கொழுப்பில் அவர் ஒரு நூல்கூட விடுவதில்லை. வெம்பக்கோட்டைச் சாலையில் மாட்டுக்கறி சுக்கா போடும் மற்றவர்கள் கொழுப்போடுதான் வறுக்கிறார்கள். ருசியே அதில்தான் என்கிறார்கள். இவர் கறியை மஞ்சள், உப்பு போட்டு வேகவைத்து, சின்ன வெங்காயமும் வரமிளகாயும் சேர்த்து, நல்லெண்ணெயில் நீர் சுண்டும்வரை புரட்டுகிறார். கடைசியில் ஒரு துண்டைச் சட்டி மூடிமேல் வைத்து, அரைமணி ஆறவிட்டுத்தான் கடித்துப் பார்க்கிறார். சூடாக விற்கும் பண்டத்தை ஏன் ஆறவைத்து ருசி பார்க்க வேண்டும்?

“எங்க அத்தாவோட அத்தா நவாப் வீட்டுச் சமையக்காரரு. அந்தக் கைப்பக்குவம்.” கரும்பலகையிலும் தினமும் ‘நவாப் சுக்கா’ என்று எழுதுகிறார். எந்த நவாப் என்று கேட்டேன்.

“அய்யா கறி திங்க வாரீகளா, ஆஜர் எடுக்க வாரீகளா?”

ஆஜர் எடுத்தவன்தான் நான். பட்டாசுக் கம்பெனியில் முப்பத்தாறு ஆண்டுகள். என் சொந்தக் குறிப்பேடுகள் வீட்டில் இருக்கின்றன. 1994 முதல் 1999 வரை, லோடு ஏற்றும் ஆள்: சம்சு. அவரோடு ஒரே கொட்டகையில் மதியம் சாப்பிட்டவர், திரி வெட்டும் சண்முகத்தாய். அந்த வளாகத்தில் அடுப்பு மூட்டக் கூடாது. காலை ஆறு மணிக்குத் தூக்குவாளியில் கட்டிய கறியை ஆறியபடியேதான் தின்ன வேண்டும். ஆறினால் கொழுப்பு மெழுகாய் நாக்கில் ஒட்டும்.

ஏட்டை நீட்டினேன். “அந்தத் தூக்குவாளி யாருது, சம்சு?”

கரண்டி நின்றது. “சண்முகத்தாயக்கா சொல்லிக் குடுத்ததுதான். மெதுவாப் பேசுங்கய்யா. காலனியில அவுக வீட்டுப் பக்குவம்னு தெரிஞ்சா டவுன்காரவுக இங்கன கை நனைப்பாகளா?”

அதையும் நான் அப்படியே நம்பிவிடவில்லை. காரியாபட்டியில் மகளோடு இருக்கும் சண்முகத்தாய்க்கு மூன்று கடிதங்கள் எழுதினேன். முதல் இரண்டுக்கும் ‘நல்லா இருக்கேன்’ என்ற ஒரு வரிதான் பதில். மூன்றாவதற்கு வந்தது: “கொளுப்ப நறுக்கச் சொன்னது நாந்தான். நீங்க எழுதுனா எம் பேரப் போடுங்க. போர்டுல வேண்டாம், அவன் பொளப்பு கெட்டுரும்.”

கடிதத்தைச் சம்சுவிடம் கொடுத்தேன். இரண்டு தடவை படித்தார். ஈரத்துணியை எடுத்துப் பலகையில் ‘நவாப்’ என்பதை மட்டும் துடைத்தார். மாலைக் கூட்டம் வந்து நின்ற பிறகும் அந்த இடத்தை அவர் நிரப்பவில்லை.

கடைசிக் கடிதம் வந்த தேதி 14.11.2024.