மின்சாரக் கார் உதவி மேசையில் ஒரு பயந்தாங்கொள்ளி

மின்சாரக் கார்க்காரர்களுக்குத் தொலைபேசியில் உதவி சொல்லும் வேலையில் முதல் விதி, கூப்பிடுகிறவரைவிட நாம் கொஞ்சமாவது குறைவாகப் பயப்பட வேண்டும் என்பது. நான் வேலைக்குச் சேர்ந்த அன்றே அதை மீறினேன்.

கான்வென்டில் படித்ததால் கிடைத்த வேலை இது. ‘டெலிபோனில் பேசும்போது சிரித்த முகமாக இரு, கேட்கிறவருக்கு அது தெரியும்’ என்று சிஸ்டர் சொல்லித்தந்தது இன்றைக்குச் சம்பளமாக வருகிறது. என்னிடம் இன்னொரு கான்வென்ட் பழக்கமும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பயம் வந்தால் தமிழ் நின்றுபோய், இலக்கணப் பிழையில்லாத ஆங்கிலம் வாயில் வரும். என் வீட்டுக்காரர் அதைக் கேட்டதுமே, “இங்கிலீஷ் ஆரம்பிச்சாச்சா? அப்ப மேடம் பயந்துட்டாங்க” என்பார்.

எங்கள் ஆபீஸ் திருவனந்தபுரத்தில். பல கம்பெனிகளின் மின்சாரக் கார்களுக்கு நாங்கள்தான் உதவி மேசை. பக்கத்து நாற்காலி ஷீபா மலையாளத்தில் ஆறுதல் சொல்வாள். தமிழ் பேசுகிறவர்கள் என் பங்கு. கம்பெனிப் பெயர்களைச் சொன்னால் என் வேலை போய்விடும். ஆனால், மின்சாரக் கார் வாங்கி வாசலில் நிறுத்திவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நிற்கும் சகோதர சகோதரிகளே, உங்களுக்குப் பெயர் எதற்கு? ஒரு கம்பெனி வண்டி தன்னைத்தானே பூட்டிக்கொள்ளும். இன்னொன்று நினைத்த நேரத்தில் தியானத்தில் உட்காரும். மற்றொன்று, எவ்வளவு தூரம் போவேன் என்பதில் வாய்கூசாமல் பொய் சொல்லும். உங்களுடையது எது என்று உங்களுக்கே தெரியும்.

இவ்வளவையும் தினமும் காதில் வாங்கிக்கொண்டிருந்தபோதுதான் என் வீட்டுக்காரர், இவை எதிலும் சேராத வேறொரு கம்பெனி வண்டியை வாங்கிக்கொண்டு வந்து நின்றார். எங்கள் மகள் அம்முவுக்கு ஒரு வயது முடிவதற்குள் நாகர்கோவிலில் குலதெய்வம் கோயிலில் வைத்துக் காது குத்த வேண்டும். அவளை அழைத்துப் போகத்தான் வண்டி என்றார். குழந்தையை அதில் ஏற்றவே மாட்டேன், நானும் அவளும் ரயிலில் வருகிறோம் என்றேன். ஆங்கிலத்தில்.

சாவி யார் கையில்?

எங்கள் ஊர்ச் சாலை பஜாரில் மளிகை மொத்த வியாபாரம் செய்யும் ஒரு அண்ணாச்சி, திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், காலையில் கடை திறந்த சூட்டோடு கூப்பிட்டார். பின்னால் லாரியிலிருந்து மூட்டை இறக்கும் சத்தம். “ஏம்மா, வண்டி தொறக்க மாட்டேங்கு. ராத்திரி பூரா சார்ஜ் போட்டிருக்கேன். போன்ல பாத்தா நிறைஞ்சிருக்குங்கு. கதவு மட்டும் அசைய மாட்டேங்கு. உள்ள என் மூக்குக் கண்ணாடி வேற கெடக்கு.”

அந்தக் கம்பெனி வண்டிக்கு முதல் வருஷத்து வியாதியே அதுதான். சக்கரத்தை ஓட்டுவது பெரிய பேட்டரி. ஆனால் கதவைத் திறப்பது, விளக்கு போடுவது, வண்டியை எழுப்புவது எல்லாம் முன்னால் இருக்கும் சின்ன பேட்டரியின் பொறுப்பு. சின்னது மயங்கி விழுந்தால், பெரியது நிறைந்திருந்தும் ஒன்றும் நடக்காது. இதைச் சிரித்த முகமாகச் சொல்லி முடித்தேன். அண்ணாச்சி திட்டப் போகிறார் என்று காதிலிருந்த கருவியை லேசாகத் தள்ளி வைத்துக்கொண்டேன்.

“வெளங்கிட்டும்மா. மொதலாளி உள்ளதான் இருக்காரு. கடைச் சாவி கணக்கப்பிள்ளை மடியில இருக்கு. அவன் தூங்கிட்டான். சரி, அவன எழுப்புததுக்கு ஆள அனுப்பு.”

ஜபத்தில் உட்கார்ந்த வண்டி

கரமனையிலிருந்து ஒரு சாஸ்திரிகள். பெங்களூர்ப் பிள்ளை வாங்கிக் கொடுத்த கார். கிரஹப்பிரவேசம் ஒன்றுக்குப் போக வேண்டும், முகூர்த்தம் நெருங்குகிறது, கார் நகர மறுக்கிறது. திரையில் என்ன தெரிகிறது என்று கேட்டேன். “ஒரு கோடு மெதுவா நீண்டுண்டே போறதும்மா. அதுக்கு முன்னாடி என்னமோ கேட்டது. மரியாதையாத்தான் கேட்டது. சரின்னு தொட்டேன்.”

மென்பொருளைப் புதுப்பிக்கட்டுமா என்று வண்டி கேட்டிருக்கிறது. சாஸ்திரிகள் அனுமதி கொடுத்துவிட்டார். அது முடிகிறவரைக்கும் வண்டி ஓர் அங்குலம் நகராது. நடுவில் நிறுத்தினால் பிறகு எழுந்திருக்குமா என்பதற்கு யாரும் உத்தரவாதம் தர மாட்டார்கள். இந்த வண்டிகளில் இந்த வேலைக்குச் சில சமயம் அரை மணி, சில சமயம் அரை நாள். எவ்வளவு நேரம் என்று கேட்டார். எனக்கே தெரியாததால், “இட் டிபென்ட்ஸ், சார்” என்றேன். பயந்துவிட்டேன் என்று உங்களுக்குத் தெரிகிறதல்லவா? அவருக்குத் தெரியவில்லை.

“வாஸ்தவம்தான், ஜபத்துல உக்காந்துட்டா நடுவுல எழுப்பப்படாது. அது முடிச்சுண்டு நிதானமா வரட்டும், நான் முன்னாடி ஆட்டோல போறேன்.”

ஏற்றமும் இறக்கமும்

போனக்காடு தேயிலை எஸ்டேட்டில் பிறந்து, இங்கே வங்கியில் வேலை பார்க்கும் செல்வராஜ், தன் அம்மாவைச் சொந்தக்காரர் வீட்டுக்கு மலைக்கு அழைத்துப் போகும் வழியில் கூப்பிட்டார். வளைவுக்கு வளைவு திரையில் தூரம் சரிகிறதாம். கிளம்பும்போது போய்த் திரும்பி இன்னொரு தடவையும் போகலாம் என்று காட்டிய வண்டி, இப்போது போய்ச் சேருவதே சந்தேகம் என்கிறதாம். “இனி மேல போனா போன் எடுக்காது மேடம். என்ன செய்யணும்னு இப்பவே சொல்லிடுங்க.” குரல் நடுங்கியது. என்னுடையதும்தான்.

மலை ஏறும்போது மின்சாரம் அப்படித்தான் கரையும், ஏசியை அணைத்துவிட்டு மெதுவாகப் போங்கள், இறங்கும்போது சக்கரம் சுற்றுவதிலேயே கொஞ்சம் சார்ஜ் திரும்ப ஏறும் என்று சொன்னேன். ஒவ்வொரு வார்த்தையும் பயிற்சியில் படித்தது. மலையில் ஒரு குடும்பத்தை நிறுத்திவிட்டேனோ என்று அன்று மதியம் எனக்குச் சோறு இறங்கவில்லை. சாயங்காலம் மலையடிவாரத்து விதுராவில் இறங்கி அவரே கூப்பிட்டார். இறங்கி வர வர எண் கூடிக்கொண்டே வந்ததாம். அதற்குள் அவர் அம்மா போனைப் பிடுங்கிக்கொண்டார்.

“இவன் சின்னப் புள்ளையிலயே இப்படித்தாம்மா, மலை ஏறும்போது அழுவான், எறங்கும்போது பாடுவான். வண்டியும் தன்னப் போலவே பாத்து வாங்கியிருக்கான்.”

ஷீபாவின் தீர்ப்பு

எங்கள் வண்டியோ ஒரு கோளாறும் செய்யவில்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. இவர் அதில் ஆபீஸ் போய்த் திரும்பும்போதெல்லாம், ராணுவத்திலிருந்து லீவில் வந்தவரைப் பார்ப்பதுபோல் தலை முதல் கால் வரை பார்ப்பேன். அம்மு தூங்கியதும் வண்டியோடு வந்த புத்தகத்தை எடுத்து, ‘எச்சரிக்கை’ என்று போட்ட பக்கங்களை மட்டும் படிப்பேன். குழந்தை உட்காரும் இடத்துக்கு நேர் கீழே பேட்டரி. கதவு பூட்டிக்கொண்டால்? வளைவில் நின்றுவிட்டால்? மழைத் தண்ணீரில் இறங்கிவிட்டால்?

மத்தியானச் சாப்பாட்டில் இதையெல்லாம் வரிசையாக ஷீபாவிடம் சொன்னேன். இந்தக் கம்பெனியில் இது, அந்தக் கம்பெனியில் அது, ஒன்றுகூட உருப்படியில்லை என்றேன். அவள் மீன் முள்ளை நிதானமாக எடுத்துப்போட்டுவிட்டு, மலையாளம் கலந்த தன் தமிழில் சொன்னாள்:

“எடி, நல்லா ஓடுற வண்டிக்காரன் நம்மள எதுக்கு விளிக்கணும்? நீ ஆஸ்பத்திரியில ஜோலிக்குப் போயிருந்தா, ஊர்ல எல்லாருக்கும் சீக்குன்னு சொல்லி வீட்ட விட்டே இறங்கியிருக்க மாட்ட!”

தாளில் இல்லாத பதில்

மார்த்தாண்டத்திலிருந்து ஒரு பெண். சின்னக் குரல். இடுப்பில் குழந்தை சிணுங்குவது கேட்டது. வெளியே நல்ல மழை, வீட்டுக்காரர் காரை எடுக்கலாம் என்கிறார், எனக்குப் பயமாக இருக்கிறது என்றாள். தண்ணீர் பட்டால் ஷாக் அடிக்குமா? குழந்தைக்கு அடியிலேயே பேட்டரி இருக்கிறதாமே?

என் கேள்விகள் அத்தனையையும் யாரோ போனில் எனக்கே வாசித்துக்காட்டுவதுபோல் இருந்தது. ஆபீஸ் கொடுத்திருந்த பதில் தாளைப் பார்த்துச் சொன்னேன். பேட்டரி தண்ணீர் புகாதபடி மூடியது. எங்கேயாவது கோளாறு என்றால் மின்சாரத்தைத் தானே துண்டித்துக்கொள்ளும். மழையில் தாராளமாக ஓட்டலாம், ரோடு தெரியாத அளவுக்குத் தேங்கிய தண்ணீரில் மட்டும் எந்த வண்டியையும் இறக்கக் கூடாது. எல்லாம் சரியான பதில்கள். அவளும் ‘ம்’ கொட்டிக்கொண்டே வந்தாள். கடைசியில் கேட்டாள்:

“அக்கா, உங்களுக்குக் கொழந்தை இருக்கா? நீங்க இதுல ஏத்துவீங்களா?”

நெற்றி

‘ஞாயித்துக்கிழமை ஏத்தப் போறேன்’ என்று என் வாய் பதில் சொல்லிவிட்டது. அதுவும் தமிழில். இனி அதை உண்மையாக்கியே ஆக வேண்டும். அன்று இரவு ரயில் டிக்கெட்டை ரத்து செய்யச் சொன்னதும், இவர் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

எங்களை அழைத்துப் போக நாகர்கோவிலிலிருந்து அத்தை, இவருடைய அம்மா, வந்திருந்தார். ஞாயிறு காலையில் காது குத்தக் கிளம்பும்போது சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, சூடம் காட்டி, வண்டியைச் சுற்றி வந்தார். நான் பின் சீட்டில் அம்முவின் பெல்ட்டை இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்ததால் மற்றது எதையும் கவனிக்கவில்லை. நெய்யாற்றின்கரை தாண்டியதும் ரோடு கொஞ்சம் காலியாக இருந்தது. வேகத்தை வண்டியே பார்த்துக்கொள்ளும் பொத்தானை இவர் பெருமையாக அழுத்தினார். கொஞ்ச தூரம்தான் போயிருப்போம். ‘பீப் பீப்’ என்று ஒரு கத்தல், திரையில் சிவப்பு எழுத்து, வேகம் தானாகவே தளர்ந்தது. பின்னால் வந்த பஸ்காரர் ஹார்னிலிருந்து கையை எடுக்கவே இல்லை. எனக்கு ஆங்கிலம் கொட்டியது. எப்படியோ ஓரமாக நிறுத்திவிட்டு இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். “வாட் டு வீ டூ நௌ?” என்றார். கல்யாணமான நாளிலிருந்து அவர் என்னிடம் பேசிய முதல் ஆங்கிலம்.

அதைக் கேட்டதும் என்ன ஆயிற்றோ, என் ஆபீஸ் குரல் வந்துவிட்டது. “சார், பதறாதீங்க. திரையில என்ன எழுதியிருக்குன்னு அப்படியே வாசிங்க.” கட்டிய மனைவிதான் பேசுகிறாள் என்பதை மறந்து அவரும் வாசித்தார். முன்பக்க சென்சார் மறைந்திருக்கிறதாம். இறங்கிப் போய்ப் பார்த்தேன். இந்த வண்டிகளுக்கு முன்னால் கம்பித் தடுப்பெல்லாம் கிடையாது, முகம் வழவழவென்று இருக்கும். அதன் நடுவில் உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்பாக ஒரு இடம். எதிரே வருவதைப் பார்க்கும் கண் அதற்குப் பின்னால்தான் இருக்கிறது. அந்த இடம் முழுக்கக் குளிரக் குளிர அரைத்த சந்தனம், மேலே ஒரு ரூபாய் அளவில் குங்குமம். வெயிலில் சுவர் பூச்சு மாதிரி காய்ந்திருந்தது. அம்முவின் ஈரத் துணியால் துடைத்தேன். வண்டியை மறுபடி உயிர்ப்பித்ததும் சிவப்பு எழுத்து போய்விட்டது. அம்மு இத்தனைக்கும் கண்ணைத் திறக்கவில்லை. அவள் உட்கார்ந்திருந்த இடத்தைக் கையால் தொட்டுப் பார்த்தேன். சாதாரண சீட் மாதிரிதான் இருந்தது. அத்தை ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, என் கையிலிருந்த மஞ்சள் துணியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நெத்தியில சந்தனம் வச்சா கண்ணு தெரியாமப் போற ஜென்மத்த இப்பத்தான் பாக்கேன் மக்ளே. அப்போ இதுக்குப் பொட்டு எங்கதான் வைக்கியது?”

எந்தக் கம்பெனியானாலும் முதல் வருஷம் வண்டியும் குழந்தையும் ஒன்றுதான்: எதற்குக் கத்துகிறது என்று பதறிப் பதறி நாம் கண்டுபிடிப்பதற்குள் அது சமாதானமாகிவிடுகிறது, நமக்குத்தான் தூக்கம் போய்விடுகிறது.