எடைச் சீட்டில் பேர் மாற்றிய கதை

ஒன்பதாம் வகுப்பில் என் எடை அறுபத்தெட்டு கிலோ. பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் தோழி முப்பத்தொன்று. நாங்கள் இருவரும் உட்கார்ந்தால் பெஞ்சு என் பக்கமாகச் சாயும்.

திண்டுக்கல்லில் எங்கள் அத்தாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, பிரியாணிக் கடை. மதியச் சாப்பாடு கடையிலிருந்தே வந்துவிடும். கன்னம் உப்பாத பிள்ளையைக் கண்டால் எங்கள் சொந்தக்காரர்கள், "இவளுக்கு என்ன சீக்கு?" என்று விசாரிப்பார்கள். தோழிக்கு வடமதுரைப் பக்கம் கிராமம். விடிந்ததும் தோட்டத்தில் கத்தரிக்காய் பறித்துக் கொடுத்துவிட்டு, பஸ்ஸுக்கு இரண்டு கிலோமீட்டர் நடந்து வருவாள்.

அந்த வருடம் பள்ளியில் எல்லோரையும் எடை போட்டார்கள். நர்ஸ் அக்கா எடையை ஒரு சீட்டில் எழுதித் தருவார். பேரை நாமே எழுதி வகுப்பு டீச்சரிடம் கொடுக்க வேண்டும். எடை கூடினவர்கள் தினமும் காலையில் மைதானத்தை நான்கு சுற்று ஓட வேண்டும். குறைந்தவர்களுக்கு இடைவேளையில் கடலை மிட்டாய்.

"எங்க தோட்டத்துல பாதி கடலைதான். அதத் தின்னு தின்னு நாக்கு செத்துப்போச்சு," என்றாள் அவள்.

"எனக்கு ஓட வராது," என்றேன் நான்.

என் சீட்டில் அவள் பேரை எழுதினேன். அவள் சீட்டில் என் பேரை எழுதினாள். ஐம்பது சீட்டோடு சீட்டாக டீச்சரும் கவனிக்காமல் பட்டியலில் ஏற்றிவிட்டார்.

ஒரு வாரம் நிம்மதியாகப் போனது. விளையாட்டு சார் பட்டியலைத்தான் பார்ப்பாரே தவிர ஆளைப் பார்க்க மாட்டார். குண்டுப் பிள்ளைகள் மூச்சு வாங்க ஓடும்போது, ஈர்க்குச்சி மாதிரி இவள் முதல் ஆளாக வந்து நிற்பாள். "பாத்தீங்களா, ஒரே வாரத்துல எப்படி இளைச்சிருச்சுன்னு," என்று அவர் மற்றவர்களிடம் பெருமைப்பட்டார். நான் நிழலில் நின்று மிட்டாய் தின்றுகொண்டிருந்தேன்.

பிறகு பெற்றோருக்குக் கடிதம் போனது. நாங்கள் எதிர்பார்க்காதது அதுதான்.

'மாணவி மிகவும் மெலிந்திருக்கிறார்' என்பதைப் படித்த என் அம்மா ஒரு நொடிகூடச் சந்தேகப்படவில்லை. "நான் அப்பவே சொல்லல? பிள்ள துரும்பா இளைச்சுட்டா," என்று அத்தாவிடம் சண்டை பிடித்தார். மறுநாளிலிருந்து மூன்றடுக்கு டிபன் கேரியர். தனியாகத் தின்று தீர்க்க முடியாமல் பாதியைத் தோழிக்குத் தள்ளினேன்.

அடுத்த வாரம் தோழியின் அப்பா பள்ளிக்கே வந்துவிட்டார். திட்டத்தான் வந்திருக்கிறார் என்று நாங்கள் வகுப்புக் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டோம். 'மாணவி எடை கூடியிருக்கிறார்' என்ற கடிதத்தை வராந்தாவில் டீச்சரிடம் நீட்டினார்.

"டீச்சர், எங்க வம்சத்துலயே சதை போட்ட ஆளு கிடையாது. எம்மகதான் மொதல்ல. நல்லாக் கஞ்சி ஊத்துறேன்னு ஊருல நாலு பேரு தெரிஞ்சுக்கிட்டாக. தயவுபண்ணி ஓடவிட்டுக் கொறச்சுராதீக."

டீச்சர் கடிதத்தைப் பார்த்தார். கதவிடுக்கில் தெரிந்த எங்களையும் பார்த்தார். நான் தலையை உள்ளே இழுத்துக்கொண்டேன். ஆனால் அவர், "சரிங்கய்யா, இனிமே ஓட விடமாட்டோம்," என்று மட்டும் சொல்லி அவரை அனுப்பிவைத்தார்.

தோழி அழுதுகொண்டிருந்தாள். "நெசமாவே குண்டாகிருந்தா நல்லாருந்திருக்கும்டி," என்றாள். அதுவரை வந்த சிரிப்பெல்லாம் எனக்கு அடங்கிவிட்டது.

டீச்சர் எங்களைக் கூப்பிட்டுக் காதைத் திருகி, மறுபடி எடை போட வைத்தார். தோழி ஒன்றரைக் கிலோ கூடியிருந்தாள், எங்கள் பிரியாணி புண்ணியத்தில். நான் மூன்று கிலோ. அவள் அப்பாவிடம் விஷயத்தை யாரும் சொல்லவில்லை. மறுநாளிலிருந்து நான் ஓடினேன். அவள் வேண்டுமென்றே கூட ஓடி, ஒவ்வொரு சுற்றிலும் என்னை முந்திப் பழிப்புக் காட்டினாள்.

என் உண்மையான சீட்டை அம்மாவிடம் காட்டியபோது இரண்டு முறை படித்தார். "இந்த மிசினு ரிப்பேரா இருக்கும்," என்று சொல்லி மடித்து வைத்துவிட்டு, தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தார்.