அமாவாசைக் கடல்

ஆடி அமாவாசையில் தகப்பன் இல்லாதவர்கள்தான் விரதம் இருப்பார்கள். அன்று காலை என் மகன் கப்பலில் ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை. இரவெல்லாம் கப்பல் ஆடியதில் அவனுக்கு வயிற்றைப் பிரட்டிக்கொண்டிருந்தது.

“அப்பா இருக்கிறவன் இண்டைக்கு வெறுவயித்தோட நிக்கக் கூடாது, ராசா. ஒரு துண்டு பாணாவது கடி.”

“சத்தி வருது, அம்மா. பேந்து சாப்பிடுறன்.”

மொன்றியலில் பிறந்து வளர்ந்து, தலை நரைக்கவும் தொடங்கிவிட்ட பிள்ளை. அவனோடு எவ்வளவு மல்லுக்கட்டுவது? மேசையில் பாணோடு இருந்த ஓர் இனிப்புப் பணிசைக் கடதாசியில் சுற்றிக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டேன். ஆனாலும் மனம் ஒரு நிலையில் இல்லை.

என் கணவர் தன் தகப்பனுக்காக விரதம். வழக்கமாக மொன்றியலில், ரொக்ஸ்பரோவில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்து ஆற்றில்தான் எள்ளும் தண்ணீரும் இறைப்பார். இந்த முறை அமாவாசைக்குக் கடற்கரையில் நிற்கலாம் என்றே இந்தப் பயணத்தைத் தேர்ந்தெடுத்திருந்தார். கப்பல் எங்களைப் பிரான்சின் பிரெத்தாஞ் கரையோரத் தீவு ஒன்றில் இறக்கிவிட்டது. காற்றில் சிவந்த முகமுள்ள ஒரு பெண் வழிகாட்டியாக வந்தாள். பாறைகளையும் வெளிச்சவீட்டையும் காட்டிக்கொண்டே எங்களைக் கரையோரமாக நடத்திப் போனாள்.

கடலைத்தான் காணவில்லை. மணலும் பாசியும், ஒருபக்கம் சரிந்து கிடந்த படகுகளும் மட்டுமே இருந்தன.

“இன்று அமாவாசை. கடல் வெகுதூரம் போகும், போன வேகத்தில் திரும்பியும் வரும். மணலில் இறங்க வேண்டாம்” என்று அவள் பிரெஞ்சில் சொன்னாள். என் கணவர் அமாவாசையை மட்டும் பிடித்துக்கொண்டார்.

“பாத்தியே, வெள்ளைக்காரிக்கும் நாள் தெரியுது” என்று அவருக்குப் பெரிய சந்தோஷம்.

ஊரில் நாங்கள் தீர்த்தமாடிய கீரிமலைக் கடல் இப்படி எழும்பிப் போகிற கடல் இல்லை. போன கடல் திரும்பி வந்து ஆளை வளைக்கும் என்பதை நாங்கள் எங்கே கண்டோம்?

ஒரு பழைய தேவாலயத்தின் முன்னால் எல்லோரும் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது அவரைக் காணவில்லை. மகன்தான் கண்டுபிடித்தான். மணலின் அந்தக் கடைசியில் வெள்ளை வேட்டி தெரிந்தது. எங்களுக்கு முதுகைக் காட்டிக் குனிந்து நின்றார். அவருக்கும் எங்களுக்கும் நடுவில் இருந்த பள்ளங்களில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. அலையும் இல்லை, இரைச்சலும் இல்லை. கூப்பிட்ட குரலைக் காற்று கொண்டுபோய்விட்டது.

மகன் சப்பாத்தைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடினான். வழிகாட்டி அவனைத் தடுத்துக் கத்தினாள், பிறகு மீட்புப் படகுக்குத் தொலைபேசியில் சொன்னாள். நான் கைப்பையை நெஞ்சோடு பிடித்தபடி நின்றேன். தண்ணீர் அவன் முழங்காலுக்கு வந்தது, இடுப்புக்கு வந்தது. வெறுவயிற்றோடு இவன் தகப்பனுக்கான விரதத்தைத் தொடங்கிவிட்டான் என்று நினைத்தேன். அப்படி நினைத்த என் மனதை நானே சபித்தேன்.

ரப்பர் படகு போய்ச் சேர்ந்தபோது நெஞ்சளவு தண்ணீரில் மகன் தகப்பனைத் தாங்கிப் பிடித்திருந்தானாம். கரையில் இறக்கிப் போர்வையால் சுற்றினார்கள். என் கணவரின் உதடு நீலம் பாரித்திருந்தது. மூடியிருந்த கையை விரித்துக் காட்டினார்.

“முடிக்கேல்லை. எள்ளு இன்னும் கையிலதான் இருக்கு.”

நான் கைப்பையைத் திறந்தேன். பணிசை எடுத்துப் பிய்த்து, அத்தனை பேர் பார்க்க, மகனின் வாயில் திணித்தேன். அவன் மறுக்கவில்லை. தகப்பனைப் பார்த்தபடி அழுதழுது மென்று விழுங்கினான்.