தி.கோ. விலாசம்

1966ஆம் வருஷம் ஆனி மாதத்தில் அருப்புக்கோட்டை சேல்ஸ் டாக்ஸ் ஆபீஸுக்கு ஒரு விண்ணப்பம் வந்தது. தொழில்: பழைய சாக்கு வாங்கி, தைத்து, விற்பது. உரிமையாளர்: கோகிலாம்பாள், வயது முப்பத்தாறு, விதவை. வியாபாரத்தின் பெயர் என்ற இடத்தில் ‘தி.கோ. சாக்குக் கடை’ என்று எழுதியிருந்தது.

குமாஸ்தா அதை இரண்டு தடவை படித்தார்.

“தி. உங்க ஊரு. கோ. நீங்க. ஆம்பளை எழுத்து ஒண்ணையும் காணோமே, விட்டுப்போச்சாம்மா?”

“விட்டுப்போகலைங்க. பேரே அவ்வளவுதான்.”

குமாஸ்தா சந்தேகப்பட்டதில் தப்பில்லை. அந்தக் கடைத்தெருவில் முழுப்பெயரில் கடை நடத்தியவர்கள் குறைவு. அப்பா, மகன், தம்பி என்று வீட்டு ஆண்களின் முதல் எழுத்துகளைக் கோத்துக்கொள்வார்கள். அதுதான் விலாசம். அதைத் தகரத்தில் அச்சாக வெட்டி, மசி தடவி, சாக்கின் மேல் குறி போடுவார்கள். மூட்டையை அவிழ்க்காமல் குறியை மட்டும் பார்த்து விலை சொல்லும் வியாபாரிகள் மதுரையிலும் விருதுநகரிலும் இருந்தார்கள்.

கோகிலாம்பாள் வாழ்க்கைப்பட்ட வீட்டின் விலாசம் கா.ஐ.ச. மாமனார் காசிராஜன், மூத்த மகன் ஐயாத்துரை, இளைய மகன் சங்கரலிங்கம். கொத்தமல்லி விதையும் மிளகாய் வத்தலும் வாங்கி விற்கும் கமிஷன் கடை. திருச்சுழியிலிருந்து வந்த புது மருமகளுக்கு மாமியார் முதல் நாளே ஒரு சட்டம் சொன்னாள். குறி தெரியும் சாக்கை மிதிக்கக் கூடாது. அடியில் போட்டு அதன்மேல் வேறு சாக்கை அடுக்கக் கூடாது. நம் குறி எப்போதும் மேலேதான் இருக்க வேண்டும். அதன் முகம் வாசலைப் பார்த்திருக்க வேண்டும். பதினைந்து வருஷம் கோகிலாம்பாள் அப்படியே செய்தாள். இருட்டில் தண்ணீர் குடிக்க எழுந்தாலும் கால் சாக்கைச் சுற்றிக்கொண்டுதான் போகும்.

கணவன் சங்கரலிங்கம் நெஞ்சுச் சளியில் ஒரு வருஷம் படுத்திருந்தபோது, குடோனில் கிழிந்து கிடந்த சாக்குகளை வீட்டுக்குக் கொண்டுவரச் சொல்லி, அவன் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தைக்க ஆரம்பித்தாள். வத்தல் சாக்கை உதறினால் அவனுக்கு இருமல் வரும். அதனால் கொல்லையில் உதறிவிட்டு உள்ளே எடுத்துவருவாள்.

“நம்ம கடைச் சாக்க நீ தச்சா, கூலி யாரு தர்றது?” என்று கேட்டுச் சிரித்தான் சங்கரலிங்கம்.

“நீங்க எந்திரிச்சு வந்து தாங்க.”

அவன் எழுந்து வரவில்லை. 1962இல் போய்விட்டான். பிள்ளைகள் இல்லை. அவன் பங்குக்கு ஈடாகக் குடியிருந்த வீட்டை ஐயாத்துரை அவள் பேருக்கு எழுதிக்கொடுத்தார். அரிசியும் கடையிலிருந்து வந்துகொண்டிருந்தது. அவர் கெட்ட மனிதர் இல்லை. ஆனால் அரிசி கொண்டுவரும் ஆள் வாசலில் நின்று, “மொதலாளி குடுத்துட்டு வரச் சொன்னாக” என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சொல்வான். மாதாமாதம் அதைக் கேட்டு வாங்கிக்கொள்ள கோகிலாம்பாளால் முடியவில்லை.

அடுத்த வருஷமே நூல் வியாபாரி வேங்கடபதியின் பழைய கொட்டகையை வாடகைக்குப் பிடித்தாள். ஊரெல்லாம் பழைய சாக்கு வாங்கினாள். அருஞ்சுனை என்பவளையும் இன்னும் நான்கு பெண்களையும் வேலைக்கு வைத்தாள். கிழிசலுக்கு ஒட்டுப்போட்டு, கோணி ஊசியால் தைத்து, கடைசியில் சாக்கை உள்புறம் வெளியே வரும்படி புரட்டிவிடுவார்கள். பழைய கடையின் குறி உள்ளே போய்விடும். வாங்குகிறவர் வெளியே தன் குறியைப் போட்டுக்கொள்ளலாம்.

“யக்கா, ஊர்ப்பட்ட பேரையெல்லாம் புரட்டிப் புரட்டி உள்ள தள்ளுறோம். நமக்குன்னு வெளிய போட ஒரு பேரு இருக்கா?” என்று அருஞ்சுனை ஒருநாள் கேட்டாள். கேலியாகத்தான் கேட்டாள். அந்த வாரமே காரியாபட்டி ரோட்டில் ஒரு பருத்தி மில்லில் மொத்தமாகச் சாக்கு கேட்டார்கள். ஒரு நிபந்தனை: பதிவு நம்பர் போட்ட பில் வேண்டும். பதிவுக்குப் பெயர் வேண்டும். ஆவணி பிறப்பதற்குள் முடித்துக் கொடுத்தால் ஆர்டர் அவளுக்கு. இல்லையென்றால் வேறு ஆளுக்கு.

ஏற்கெனவே வரி கட்டும் வியாபாரிகள் இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். முதலில் ஐயாத்துரையிடம் போனாள்.

“எதுக்குத் தனிப் பேரு?” என்றார் அவர். “நம்ம விலாசம் இருக்குல்ல. அதுல ஒரு பிராஞ்சுன்னு போட்டுக்க. நான் பாத்துக்கிறேன்.”

“எனக்குன்னு ஒண்ணு இருக்கட்டும் அத்தான்.”

“எந்தம்பி எழுத்து எங்க இதுல?”

“அவுக எழுத்துதான் உங்க போர்டுல இருக்கே.”

“அது இருக்கிற வரைக்கும் நீ இந்தப் போர்டுக்குக் கீழதான். கையெழுத்துக் கிடையாது. போ.”

அன்று கொட்டகைக்குத் திரும்பி, வத்தல் சாக்கை முகத்துக்கு நேரே உதறி, கண் எரிகிற சாக்கில் அழுது தீர்த்தாள். ஆனால் மறுநாள் விடிந்ததும் பஸ் ஏறி வீரசோழன் போய், தன்னிடம் சாக்கு வாங்கும் சிக்கந்தர் ராவுத்தரைப் பார்த்தாள். அவர் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு கையெழுத்துப் போட்டார். “பேரு நல்லா சுருக்கமா இருக்கு தாயி. மசி மிச்சம்” என்றார். இரண்டாவது கையெழுத்து வேங்கடபதி போட்டார். விண்ணப்பம் உள்ளே போனது.

பத்து நாள் கழித்து இன்ஸ்பெக்டர் கொட்டகையைப் பார்க்க வருவதாகத் தகவல் வந்தது. தவறு அங்கேதான் நடந்தது. செய்தது கோகிலாம்பாளேதான்.

பெரிய மனிதர் வருகிறார் என்று பெண்கள் கொட்டகையைப் பெருக்கித் தண்ணீர் தெளித்தார்கள். அன்று வந்திருந்த சாக்கில் பாதி கா.ஐ.ச. கடையில் கழித்துப்போட்டவை. இன்னும் தைக்காததால் புரட்டவில்லை. குறி வெளியே தெரிந்தது. கோகிலாம்பாள் தன் கையாலேயே அவற்றைப் பொறுக்கி எடுத்து, எல்லா அடுக்குக்கும் மேலே வைத்து, குறி வாசலைப் பார்க்கும்படி திருப்பினாள். பதினைந்து வருஷப் பழக்கம். அவள் யோசிக்கவே இல்லை.

இன்ஸ்பெக்டர் வாசலில் நின்றே பார்த்தார். பெயர்ப் பலகை இல்லை. எதிரே வரிசையாகக் கா.ஐ.ச., கா.ஐ.ச., கா.ஐ.ச.

“இது யாரு குறிம்மா?”

“எங்க வீட்டுக் குறிங்கய்யா” என்றாள் கோகிலாம்பாள், கொஞ்சம் பெருமையாகவே.

அவர் குறித்துக்கொண்டு போய்விட்டார்.

ஆடி முதல் வாரம் கையில் ஒரு காகிதத்தோடு ஐயாத்துரை கொட்டகைக்குள் வேகமாக வந்தார். அதுவரை அவர் அங்கே கால் வைத்ததில்லை.

“ஏம்மா, என்னைய ஜெயிலுக்கு அனுப்பணும்னே கங்கணம் கட்டியிருக்கியா?”

நோட்டீஸ் அவருக்கு வந்திருந்தது. சாக்கு வியாபாரம் செய்யும் கிளையைக் கணக்கில் காட்டாமல் மறைத்தது ஏன், பதில் சொல்லவும் என்று கேட்டிருந்தார்கள். அவளுடைய விண்ணப்பமும் அந்தப் பதில் வரும்வரை நிறுத்திவைக்கப்பட்டிருந்தது.

“நான் என்ன அத்தான் செஞ்சேன்? குறிய மேல வச்சேன். அத்தை சொன்ன மாதிரிதானே வச்சேன்?”

ஐயாத்துரை அடுக்கைப் பார்த்தார். அம்மா சொன்ன மாதிரிதான் இருந்தது. தோளிலிருந்த துண்டை எடுத்து மூக்கைப் பொத்திக்கொண்டு தும்மினார்.

“மொதலாளி, பிராஞ்சுன்னு நீங்கதானே போடச் சொன்னீக? அவுகளே போட்டுட்டாக. இப்ப எதுக்குக் கோபம்?” என்றாள் அருஞ்சுனை, ஊசியை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

“நீ வாய மூடு. கோகிலா, கெளம்பு. ஆபீஸுக்குப் போவோம்.”

ஒன்றாகத் தெருவில் நடந்தார்கள். அவர் முன்னால், அவள் பத்தடி பின்னால்.

அதிகாரி இரண்டு காகிதத்தையும் அருகருகே வைத்துக்கொண்டார்.

“சாக்கு வியாபாரம் உங்களுதா?”

“இல்லைங்க. அது தனி. இந்தம்மாவோட சொந்த வியாபாரம். எனக்கும் அதுக்கும் சம்பந்தமே கெடையாது” என்றார் ஐயாத்துரை. கையெழுத்துப் போட மறுத்த அதே மனிதர் சத்தியம் செய்கிற மாதிரி நெஞ்சில் கை வைத்துச் சொன்னார்.

“கா.ஐ.ச.வில் ச. யாரு?”

“என் தம்பி. காலமாகி நாலு வருஷம் ஆச்சு.”

“இவங்க?”

“அவன் சம்சாரம்.”

“அவர் பங்கு?”

“வீடா எழுதிக் குடுத்துட்டேன். பத்திரம் இருக்கு.”

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். “பங்கு தீந்துபோச்சுன்னா எழுத்து ஏன் நிக்குது? அவர் எழுத்து உங்க போர்டுல இருக்கு, அவர் சம்சாரம் உங்க குறியை வச்சுக்கிட்டு வியாபாரம் பண்றாங்க. ரெண்டும் வேறன்னு நான் எப்படி எழுதுறது? ஒண்ணு, பிராஞ்சுன்னு ஒத்துக்கிட்டு வரியைக் கட்டுங்க. இல்லைன்னா ச.வை எடுத்துட்டு உங்க பதிவைத் திருத்திக் குடுங்க. அந்தக் காகிதம் வந்த அன்னைக்கே இவங்க பேரைப் பதிவு பண்ணிடலாம்.”

கோகிலாம்பாள் இதை எதிர்பார்க்கவில்லை. ஐயாத்துரை அவள் பக்கம் திரும்பினார். குரலில் கோபம் இல்லை.

“நீயே சொல்லு கோகிலா. பிராஞ்சுன்னா நான் வரியக் கட்டிட்டுப் போறேன். பெறகு அவன் எழுத்தும் நிக்கும், நீயும் நம்மளோட இருப்ப. ஒனக்குத் தனிப் பேருதான் வேணும்னா, அவன் எழுத்த நான் அழிக்கணும். எது வேணும்?”

கணவனின் பெயரில் இந்த உலகத்தில் மிச்சமிருந்தது அந்த ஒரு எழுத்துதான். பிள்ளை இல்லை. படம்கூட எடுத்து வைக்கவில்லை. தினமும் காய்கறி வாங்கப் போகும்போது கடைத்தெருவில் அந்தப் போர்டை ஏறிட்டுப் பார்த்துவிட்டுத்தான் போவாள். அது அவளுக்குக் கோயில் கோபுரம் மாதிரி.

ஆனால் மாதாமாதம் வாசலில் கேட்கும் அந்த அரிசிக் குரலும் அவள் காதில் இருந்தது. கட்டிலில் படுத்துக்கொண்டு கூலி யார் தருவது என்று கேட்டுச் சிரித்தவனும் நினைவில் இருந்தான்.

“எடுத்துருங்க அத்தான்” என்றாள்.

ஐயாத்துரை மறுபடி கேட்கவில்லை. சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, அங்கேயே உட்கார்ந்து எழுதிக்கொடுத்தார். எழுதி முடித்ததும் கண்ணாடியைக் கழற்றித் துண்டால் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார்.

அந்த வாரம் போர்டு எழுதும் ஆள் ஏணி போட்டு ஏறி, ச. மேல் வெள்ளைப் பெயிண்ட் அடித்தான். கோகிலாம்பாள் எதிர்ப் பக்கத்தில் வேங்கடபதியின் நூல் கடைக்குள் நின்று பார்த்தாள். ஒரு கோட்டிங்கில் மறையவில்லை. காய்ந்ததும் எழுத்து சாம்பல் நிறத்தில் எட்டிப்பார்த்தது. “இன்னொண்ணு அடிக்கணும் மொதலாளி” என்று அவன் மேலேயிருந்து கத்தினான். “போதும், எறங்கு” என்றார் ஐயாத்துரை.

ஆவணி பிறக்க மூன்று நாள் இருக்கும்போது பதிவுச் சீட்டு வந்தது. தி.கோ. சாக்குக் கடை. அருஞ்சுனை அதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, “அழகா இருக்குக்கா” என்றாள். மறுநாள் தகர அச்சு வெட்டிவந்தார்கள். முதல் குறியை எந்தச் சாக்கில் போடுவது என்று ஒரு பேச்சு நடந்தது. புதுச் சாக்கு ஒன்று வாங்கலாம் என்றாள் ஒருத்தி. கோகிலாம்பாள் கா.ஐ.ச. சாக்கு ஒன்றை எடுத்துத் தானே தைத்து, புரட்டி, ஓரத்தில் சின்னதாகத் தி.கோ. போட்டாள். மில்லுக்குப் போன முதல் லோடில் அதுவும் போயிற்று. எடுத்து வைத்துக்கொள்ளவில்லை. தொழிலுக்குச் செய்தது தொழிலுக்குப் போனது.

அரிசி வேண்டாம் என்று சொல்லி அனுப்பினாள். ஐயாத்துரை வருத்தப்பட்டார். எட்டு வருஷம் நல்லது கெட்டதுக்கு மட்டும்தான் பேச்சு. அவர் கடைச் சாக்கும் வேறு ஊருக்குத் தையலுக்குப் போனது.

1974இல் மல்லி நன்றாக விளைந்தது. நரிக்குடிப் பக்கமிருந்து மூட்டை மூட்டையாக வந்து இறங்க, ஊரில் சாக்குத் தட்டுப்பாடு. ஒரு காலை ஐயாத்துரை தானே கொட்டகைக்கு வந்தார். அறுபது தாண்டிவிட்டது, கையில் தடி இருந்தது. வாசலை அடைத்துக்கொண்டு, அன்றைக்கு லோடு போக வேண்டிய தி.கோ. சாக்குகள் பரவலாகக் கிடந்தன. உள்ளே போவோர் வருவோர் எல்லாம் அதன்மேல்தான் நடந்துகொண்டிருந்தார்கள்.

அவர் நின்றார். தடியால் ஓரத்தைத் தடவிப் பார்த்து, சுவரைப் பிடித்துக்கொண்டு, அடிமேல் அடி வைத்துச் சாக்கைச் சுற்றி வந்தார்.

“மிதிச்சு வாங்க அத்தான். விழுந்துருவீக. வெறுஞ்சாக்குதானே” என்றாள் கோகிலாம்பாள், ஊசியைப் போட்டுவிட்டு எழுந்தபடி.

“குறி வெளிய தெரியுதுல்ல” என்றார் அவர். “எரநூறு சாக்கு வேணும். பில்லு கா.ஐ. பேருக்குப் போடு.”