சைவ மீன் வியாபாரி

போன வாரம் எழும்பூர் ஸ்டேஷனில் போட் மெயிலுக்காகக் காத்திருந்தேன். தோளில் ஒரு கை விழுந்தது.

“சார்... என்னைத் தெரியுதா?”

தெரியவில்லை. வழுக்கைத் தலை, நரைத்த மீசை, கையில் கூஜா. எதற்கும் இருக்கட்டும் என்று சிரித்து வைத்தேன்.

“பாம்பன்ல ஒரு சீசன் பூரா உங்க பின்னாலேயே அலைஞ்சேனே சார்... தணிகாசலம். சி.ஐ.டி.!”

அப்படியே கட்டிப்பிடித்துக்கொண்டேன். தன்னை வேவு பார்த்தவரைப் பட்டப்பகலில் கட்டிக்கொள்கிற ஆள் இந்த தேசத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். காரணம் இருக்கிறது. கேளுங்கள்.

முதல் பொதுத் தேர்தலில் வைத்த மை காய்ந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. எனக்கு டைபாய்டு வந்து, உடம்பு துரும்பாகிவிட்டது. கடல் காற்று நல்லது என்றார் டாக்டர். பாம்பனில் என் தங்கையின் புருஷன் ரயில்வேயில் இருந்தார். அவர்கள் குவார்ட்டர்ஸில் போய் விழுந்தேன்.

அங்கே அரசாங்கத்துக்கு ஒரு லாஞ்சு, அதாவது மோட்டார் படகு, இருந்தது. புயல், காற்று என்றால் கடலில் மாட்டிக்கொண்டவர்களை இழுத்து வருவதற்கு என்று வாங்கியது. அதை ஓட்டியவர் சூசை. பக்கத்து மீனவக் குப்பத்துக்காரர்.

ஒருநாள் வாடைக் காற்றில் ஒரு வள்ளம் கவிழ்ந்தது. லாஞ்சு எங்கே என்று ஊரே ஓடித் தேடியது. லாஞ்சு தனுஷ்கோடிக்குப் போயிருந்தது — லாஞ்சுக்குப் பொறுப்பான ஆபீசரின் மாமனார் வீட்டார் தீர்த்தமாட. (அப்போது தனுஷ்கோடி இருந்தது.) கவிழ்ந்த வள்ளத்தைப் பிடித்துக்கொண்டு விடிய விடிய மிதந்தவர்களை வேறு படகுக்காரர்கள்தான் கரை சேர்த்தார்கள். மிதந்தவர்களில் ஒருவர் சூசையின் மச்சினன்.

நான் பத்திரிகையில் எழுதுகிறவன் என்று தெரிந்து, சூசை என்னிடம் வந்து எல்லாவற்றையும் சொன்னார். “எழுதுங்கய்யா. என் பேரை மட்டும் போட்றாதீக. வேலை போச்சுன்னா பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டு நடுத்தெருவுலதேன் நிக்கணும்” என்றார்.

எழுதினேன். பெயரைப் போடவில்லை.

அரசாங்கம் உடனே நடவடிக்கை எடுத்தது! லாஞ்சு ஏன் தனுஷ்கோடிக்குப் போனது என்று கேட்க ஒருவரும் வரவில்லை. இந்த விஷயத்தை எவன் சொன்னது என்று கண்டுபிடிக்க ஆள் வந்துவிட்டது. அந்த ஆள்தான் தணிகாசலம்.

மீன் வியாபாரி வேஷத்தில் வந்தார். கைலி, பனியன், தோளில் துண்டு. எல்லாம் சரி... கைலிக்குக் கீழே பாலிஷ் போட்டுப் பளபளவென்று ஷூ! மீன் கூடை பக்கத்தில் வந்தால் துண்டால் மூக்கை மூடிக்கொள்வார். ஆசாமி சுத்த சைவம் என்பது அப்புறம்தான் தெரிந்தது. மேலதிகாரி சொன்ன வேஷமாம், மறுக்க முடியவில்லையாம்.

வந்த அன்றைக்கே குப்பத்துக் குழந்தைகள்கூட அவரைக் கண்டுபிடித்துவிட்டன. அதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. கவலை வேறு இடத்திலிருந்து வந்தது.

நான் தினமும் காலையில் கடற்கரையில் உட்கார்ந்து கரைவலை இழுப்பதை வேடிக்கை பார்ப்பேன். வேடிக்கை என்றா சொன்னேன்? தப்பு. அங்கே சும்மா பார்க்கக் கூடாது! வள்ளத்தில் போய்க் கடலை வளைத்து வலையைப் போட்டுவிட்டு, கரையில் நின்று இரண்டு பக்கமும் கயிறு பிடித்து இழுப்பார்கள். அந்த நேரத்தில் அங்கே நிற்கிற எவரும் கயிற்றில் ஒரு கை வைத்தாக வேண்டும். கலெக்டரே வந்தாலும் அதுதான் சட்டம். இழுத்தவருக்குக் குழம்புக்கு மீன் உண்டு. இழுக்காமல் பார்த்தால் கண் பட்டுவிடும், வலை காலியாக வரும் என்று நம்பினார்கள். நானே டைபாய்டு உடம்போடு கயிற்றின் நுனியைத் தொட்டுக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பேன்.

தணிகாசலம் என்ன செய்தார்? தென்னை மரத்தில் சாய்ந்துகொண்டு பார்த்தார். பார்ப்பதுதானே அவர் உத்தியோகம்? சும்மா பார்க்கவில்லை — ஒவ்வொரு முகமாக உற்று உற்றுப் பார்த்தார்.

அன்றைக்கு வலையில் வந்தது பாசியும் தின்ன உதவாத சொறி மீனும்தான். மறுநாளும் அப்படியே.

சூசையின் மனைவி சலேத்து பொறுக்க மாட்டாமல் அவர் முன்னால் போய் நின்றாள்.

“ஏன்யா, உங்களுக்கு எங்களைப் பாக்கணும்னா பாருங்க. யாரு வேணாம்னா? கயித்தைப் புடிச்சுக்கிட்டுப் பாருங்க! இங்கன சும்மா நின்னு கண்ணு வச்சா நாங்க என்னத்தைத் திங்கிறது?”

கயிற்றை அவர் கையில் திணித்துவிட்டாள். இவர் இழுத்தார். உள்ளங்கை கொப்பளித்தது. ஷூவுக்குள் மணல் புகுந்து, அடுத்த நாளிலிருந்து வெறுங்காலோடு வந்தார். தினமும் அவர் பங்குக்கு, ஓலையில் கோத்து ஒரு கோவை மீன் கொடுத்தார்கள். சைவர் அதை என்ன செய்வார்? விரல் நுனியில் தூக்கிப் பிடித்துக்கொண்டு என் பின்னாலேயே குவார்ட்டர்ஸ் வரைக்கும் வருவார். வாசலில் நின்று, “அம்மா... இதை நீங்களே வெச்சுக்குங்க” என்பார்.

வேவு பார்ப்பவர் கையாலேயே மீன் வாங்கித் தின்று நான் தேறினேன். சில நாள் அவர் வரத் தாமதமானால் என் தங்கை வாசலை எட்டிப் பார்த்துக் கேட்பாள்: “அண்ணே, உங்க போலீசு இன்னும் வரலையே... புளி கரைக்கவா, வேணாமா?”

சிரிப்பாகத்தான் இருந்தது. ஆனால் சூசையைப் பார்க்கும்போது சிரிப்பு வராது. என்னை நேரில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவார். என் பேனாவால் ஒரு குடும்பம் தெருவுக்கு வந்துவிடுமோ என்று பயந்து செத்தேன்.

இவர் கயிறு பிடித்தும் மீன் மட்டும் முன்போல வரவில்லை. வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி அந்தோணி ஒரு முடிவுக்கு வந்தார். கண் வைத்த ஆளே வள்ளத்தில் வந்து, தன் கையால் வலையைக் கடலில் இறக்க வேண்டும். தோஷம் போய்விடும்.

“அவர் எப்படி வருவார்?” என்றேன்.

“நீங்க ஏறுங்கய்யா. அவரு தன்னால வந்து ஏறுவாரு” என்றார் அந்தோணி.

ஏறினேன். ஓடி வந்து ஏறினார் பாவம், கடமை!

கொஞ்ச தூரம் போனதும் காற்று மாறியது. ஓர் அலையில் சுக்கான் முறிந்தது. வள்ளம் தன்னிஷ்டத்துக்குக் குருசடைத் தீவுப் பக்கம் இழுத்துக்கொண்டு போக, உள்ளே தண்ணீர் ஏறியது. நான் இறைத்தேன். தணிகாசலம் வாந்தியெடுத்துக்கொண்டே இறைத்தார்.

அப்போது வந்தது லாஞ்சு!

துண்டை அவிழ்த்து வீசினோம், கத்தினோம். தணிகாசலம் பனியனையே கழற்றி வீசினார். லாஞ்சின் மேல்தளத்தில் ஆபீசர் வீட்டுப் பெண்கள், கையில் குடை, மடியில் டிபன் கேரியர். நாங்கள் கையாட்டுவதைப் பார்த்தார்கள். சந்தோஷமாகக் கைக்குட்டையை எடுத்து... திருப்பி ஆட்டினார்கள்!

லாஞ்சு எங்களைத் தாண்டிப் போய்விட்டது. தணிகாசலம் பனியனைப் பிடித்தபடி அப்படியே நின்றார்.

என்ஜினை நிறுத்தப் போன சூசையிடம், “திரும்பும்போது பார்த்துக்கலாம்” என்றாராம் ஆபீசர். சூசை தீவில் குடும்பத்தை இறக்கினார். மூட்டை முடிச்சோடு ஆபீசரும் இறங்கினார். அவ்வளவுதான்! கேட்காமல் கொள்ளாமல் சூசை லாஞ்சைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டார். கயிறு போட்டு எங்களை மேலே இழுத்தபோது வள்ளத்தில் முழங்காலுக்குத் தண்ணீர்.

தணிகாசலத்துக்குப் பல் கிட்டிப்போயிருந்தது. சூசை தன் சட்டையைக் கழற்றி அவருக்குப் போர்த்தினார். பிறகு அவர் முன்னால் கைகட்டி நின்று சொன்னார்:

“அய்யா, நீங்க தேடுற ஆளு நான்தேன். இவருகிட்டச் சொன்னது நான்தேன். கண்ணால பாத்துக்கிட்டே உங்களை ஒருக்கா தாண்டிப் போயிட்டேன்ல... இதுக்கு மேல ஒளிஞ்சு என்னய்யா ஆகப்போகுது? எழுதிக்கங்க.”

அந்தோணி, “மாதாவே!” என்று முனகினார்.

தணிகாசலம் சூசையின் சட்டையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். பிறகு, நடுங்குகிற குரலில் சொன்னார்:

“யோவ்... நான் மீன் வியாபாரி. என்கிட்ட எதுக்குய்யா இதெல்லாம் சொல்றே?”

அப்புறம் அந்தோணி சிரித்தார் பாருங்கள்... சூசை உட்கார்ந்து சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். நானும்தான்.

தணிகாசலம் மறுநாளே ஊருக்குக் கிளம்பிவிட்டார். ஆபீசரைக் கடல் இல்லாத ஒரு ஜில்லாவுக்கு மாற்றினார்கள். அங்கே ஜீப் இருந்ததாம். சூசைக்கு ஒன்றும் ஆகவில்லை. லாஞ்சை ஓட்டியே ரிட்டயர் ஆகிவிட்டார். அதனால்தான் இன்றைக்கு அவர் பெயரைத் தைரியமாக எழுதுகிறேன்.

அரசாங்கம் நம்மைப் பார்க்கிறது. பார்க்கட்டும், அதற்குத்தானே ஓட்டுப் போட்டு உட்கார வைத்திருக்கிறோம்! ஆனால் அரசாங்கம் செய்வதை நாம் பார்த்துவிட்டால் மட்டும் அதற்கு ஏன் இப்படிக் கூச்சம் வருகிறது? பார்த்ததைச் சொன்னவனை ஏன் தேடுகிறது? எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

வண்டிக்கு மணி அடித்தது. இத்தனை வருஷமாக மனதில் கிடந்ததைத் தணிகாசலத்திடம் கேட்டேன்.

“ரிப்போர்ட்ல என்னதான் எழுதினீங்க?”

“ரெண்டே வரி சார். ‘சொன்னது யார் என்று தெரியவில்லை. சொன்னது உண்மை என்று தெரிகிறது.’”

“மேலே என்ன சொன்னாங்க?”

கூஜாவைத் தூக்கிக்கொண்டு சிரித்தார்.

“மெமோ வந்துச்சு சார். ‘கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் எழுதவும்.’”