மூட்டைக்கு அடியில் ஒரு கை

பேய், முனி, காத்து கருப்பு என்று எதையும் நான் நம்பியவன் அல்ல. ரப்பர் தோட்டத்துக்குக் கணக்கெழுதும் கிராணியாக வருவதற்கு முன்பே சிரம்பானில் ஆங்கிலப் பள்ளியில் சீனியர் கேம்பிரிட்ஜ் முடித்தவன். ரப்பர் காட்டில் வெள்ளையாக ஒன்றைப் பார்த்தேன் என்று பாலுக்கு மரம் வெட்டாமல் திரும்பி வந்த ஆட்களை, மறுநாள் பெரட்டில் பேர் கூப்பிடும்போது எல்லார் முன்னாலும் கேலி செய்து, அரை நாள் கூலி மட்டும் போட்டவன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதைப் படித்துவிட்டுக் கிழவருக்குப் புத்தி பிசகிவிட்டது என்று நீங்கள் சொல்லக்கூடும். சொல்லிக்கொள்ளுங்கள்.

நம் மலையேறும் குழுவின் மலருக்காக, நான் எப்படி மலை ஏற வந்தேன் என்று ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னீர்கள். மற்றவர்கள் சர்க்கரை வியாதிக்காக வந்தேன், ஓய்வு பெற்ற பிறகு பொழுது போகாமல் வந்தேன் என்று எழுதியிருப்பார்கள். எனக்கும் அப்படி ஒன்றை எழுதித் தந்துவிட ஆசைதான். ஆனால் வரிசையில் நான் ஏன் எப்போதும் கடைசி ஆளாக வருகிறேன் என்று வாசுகி ஒவ்வொரு முறையும் கேட்கிறாள். "அங்கிள், கடைசியா வர்ற ஆளத்தான் புலி தூக்குமாம், நடுவுல வாங்க லா" என்பாள். நான் சிரித்து வைப்பேன். அவளுக்குப் பதில் சொல்லாமல் சாக எனக்கு மனமில்லை.

ஜப்பான்காரன் காலத்தில் எங்கள் தோட்டம் அங்சி மலைக்குச் சிரம்பான் பக்கத்து அடிவாரத்தில் இருந்தது. துரை ஓடிவிட்டார், ரப்பரை வாங்க ஆளில்லை, கிராணிக்கும் வேலையில்லை வெட்டுக்காரனுக்கும் வேலையில்லை. எல்லார் வீட்டிலும் மரவள்ளிக் கிழங்கு. என் மகளுக்கு அப்போது மூன்று வயது. இரண்டு காலும் வீங்கி, விரலால் அழுத்தினால் குழி அப்படியே நின்றது. தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்தில்லாமல் உட்கார்ந்திருந்த டிரெசர் பார்த்துவிட்டு, கைக்குத்தல் அரிசி கிடைத்தால் பிள்ளை பிழைக்கும், முகத்துக்கு வீக்கம் ஏறிவிட்டால் பிறகு அரிசியாலும் பயனில்லை என்றார். என் மனைவி அன்றிலிருந்து என்னோடு பேசவில்லை. பிள்ளையின் காலை அழுத்தி அழுத்திப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அரிசி மலைக்கு அந்தப் பக்கம் இருந்தது, கோலாப்பிலா வட்டாரத்து மலாய்க் கம்பங்களில், நெல் விளையும் கிராமங்களில். அவர்களிடம் உப்பில்லை. சாலையில் ஜப்பான்காரன் காவல். அரிசியோடு பிடிபட்டவர்களை வெயிலில் முட்டி போட வைத்து அடித்தே கொன்றான். அதனால் கடற்கரைப் பக்கம் காய்ச்சிய உப்பை வாங்கிக்கொண்டு மலையைத் தாண்டிப் போய், அரிசியாக மாற்றிக்கொண்டு வருவது என்று ஆரம்பித்தது. என்னைக் கூட்டிப் போனவன் சடையன். வெட்டுக்காரன், என் வயதுதான். எத்தனையோ நாள் நான் அரை நாள் போட்ட ஆள்.

கோணிச் சாக்குக்கு ரப்பர் பால் பூசிப் புகையில் காய வைத்து, பழைய சைக்கிள் டியூபை வெட்டித் தோள்வார் தைத்தான். மழைக்கு ஒரு சொட்டு இறங்காது. இன்று நீங்கள் கடையில் வாங்குகிற பைகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தச் சாக்கின் நாற்றம் வருகிறது.

செங்குத்தான ஏற்றத்தில் அவனிடம் ஒரு முறை இருந்தது. பின்னால் வருகிறவன் முன்னால் போகிறவனின் மூட்டைக்கு அடியில் உள்ளங்கையை வைத்து ஒரு தூக்குத் தூக்கிவிட வேண்டும். முன்னால் போனவன் மேலே காலூன்றியதும் திரும்பிக் கை நீட்டி, பின்னால் வருகிறவனை இழுத்துவிட வேண்டும். நான் சோதா என்பதால் எப்போதும் முன்னால் என்னை விட்டான். "பேனா புடிச்ச கையி கிராணியாரே, வேரப் புடிச்சா வேர்க்குது பாருங்க" என்று பின்னாலிருந்து சிரிப்பான். மேலே போய் நான் கை நீட்டினால், "இன்னைக்கு நான் லேட்டு, அர நாள் போட்டுறாதீங்க" என்பான். எனக்கு உறைக்கும். அவனுக்கு அதில் வன்மம் இருந்ததாகத் தெரியவில்லை.

இரண்டு நடை போய் வந்தோம். இரண்டிலும் கிடைத்தது கொஞ்சம்தான். பிள்ளையின் கால் வடியவில்லை, கன்னம் உப்ப ஆரம்பித்திருந்தது. மூன்றாவது நடையில் நல்ல அரிசி கிடைத்தது, ஆளுக்கு ஒரு மூட்டை. திரும்பி ஏறும்போது வழக்கம்போல என் மூட்டைக்கு அடியில் அவன் கை வந்தது. சாக்கைத் தாண்டி அது சுட்டது. அவனுக்குக் காய்ச்சல் என்று எனக்கு அப்போதே தெரியும். நானும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. ஓடையைக் கடந்து, கடைசி ஏற்றத்துக்குக் கீழே ஒரு பெரிய பாறை சாய்ந்து நிற்கும். அங்கே வந்ததும் அவன் உட்கார்ந்தான், பிறகு படுத்தான், பல் கிட்டி உடம்பு தூக்கிப் போட்டது.

பிற்பகல்தான், நல்ல வெளிச்சம் இருந்தது. கொஞ்ச நேரம் பக்கத்தில் இருந்தேன். இருந்தேன் என்று எழுதுகிறேன், ஆனால் என் கண் முழுக்க வெயில் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பதில்தான் இருந்தது.

"நீங்க போங்க கிராணியாரே. புள்ளைக்குக் கஞ்சி காச்சிக் குடுத்துட்டு, காலையில ரெண்டு ஆளோட வாங்க. நான் இங்கனதான கெடப்பேன்."

நான் எழுந்து என் மூட்டையை மாட்டிக்கொண்டேன். பிறகு அவன் மூட்டையையும் எடுத்து முன்பக்கம் மாட்டினேன். அவன் பார்த்துக்கொண்டிருந்தான்.

"உன் வீட்டுல குடுத்துர்றேன் சடையா."

"குடுத்துருங்க. அஞ்சல காத்துக்கிட்டு இருக்கும்" என்றான். நான் நாலடி போன பிறகு, "நாளைக்குப் பெரட்டுல என் பேரக் கூப்புடுங்க. வரலன்னு போட்டுறாதீங்க" என்றான். சிரிக்கப் பார்த்தான், பல் அடித்துக்கொண்டது. அவனுக்கென்று ஒரு பிடி அரிசிகூட நான் எடுத்து வைக்கவில்லை.

நம்பினால் நம்புங்கள். இரண்டு மூட்டையோடு அந்த ஏற்றத்தில் என்னால் பத்து அடி போக முடியவில்லை. வேரைப் பிடித்துத் தொங்கினேன், கால் வழுக்கியது, ஒரு மூட்டையை விட்டுவிடலாம் என்று தோள்வாரைக் கழற்றப் போனேன். அப்போது முதுகு மூட்டைக்கு அடியில் உள்ளங்கை வந்தது. அதே தூக்கு, அதே இடம், கொஞ்சம் இடப்பக்கமாக. அதே சூடு.

சடையா என்று கூப்பிட்டேன். எழுந்து வந்துவிட்டான் என்றுதான் நினைத்தேன், உண்மையிலேயே சந்தோஷப்பட்டேன். பதில் இல்லை. கழுத்தைத் திருப்பிப் பார்த்தேன். மழைக்கு முந்தின பனி கீழிருந்து ஏறிக்கொண்டிருந்தது, என் குதிகாலுக்குப் பின்னால் ஈர மண்ணும் வேரும்தான். பனி விலகிய இடைவெளியில் பாறையும் தெரிந்தது. அவன் அங்கேயே படுத்திருந்தான். கை மட்டும் என் மூட்டைக்கு அடியில் இருந்தது.

நான் இறங்கியிருக்க வேண்டும். நடந்தது என்ன என்று புரியாவிட்டாலும், அவன் உயிரோடு இருக்கிறான் என்பது தெரிந்தது. நான் ஏறினேன். அந்தக் கை என்னை ஏற்றிவிட்டது. உச்சிக்குக் கீழே கடைசித் திட்டில் நான் காலூன்றியதும் கை விலகியது. முறைப்படி இப்போது நான் திரும்பிக் கை நீட்ட வேண்டும். பின்னால் யாரோ அதற்காக நிற்பது எனக்குத் தெரிந்தது. மூச்சு கேட்கவில்லை, ஒன்றும் கேட்கவில்லை, ஆனாலும் தெரிந்தது. நான் திரும்பாமல் இறக்கத்தில் ஓடினேன்.

அன்று இரவு என் மகள் கஞ்சி குடித்தாள். விடிந்ததும் சடையனின் மனைவி அஞ்சலை வந்து நின்றாள். ஆட்களைக் கூட்டிக்கொண்டு போவோம் என்று சொல்ல வாயைத் திறந்தேன், வேறு வந்தது. சடையனுக்குக் கோலாப்பிலாவில் நெல் வயலில் வேலை கிடைத்திருக்கிறது, அங்கேயே நின்றுவிட்டான் என்றேன். கூட்டிப் போனால் அவனை ஏன் விட்டு வந்தாய் என்பார்கள், அவன் மூட்டை எங்கே என்பார்கள். மறுநாள் போவேன், தனியாகவாவது போவேன் என்று இருந்தேன். முதல் நாள் அவன் செத்திருப்பானோ என்று பயந்தேன். மூன்றாம் நாள், உயிரோடு இருந்துவிடுவானோ என்று பயந்தேன். அதன் பிறகு பயப்பட ஒன்றுமில்லை.

அவன் சுமந்த அரிசியிலேயே ஒரு பால் டின் அளந்து, என் அரிசி என்று சொல்லி அஞ்சலைக்குக் கொடுத்தேன். கிராணியார் குடும்பம் நல்லா இருக்கணும் என்று கும்பிட்டாள். சில வாரம் பார்த்துவிட்டு, அவனைத் தேடிச் சாலை வழியாகக் கோலாப்பிலாவுக்கு நடந்தே போனாள். தோட்டத்துக்கு அவள் திரும்பவில்லை.

என் மகள் பிழைத்தாள். ஆசிரியையாக இருந்து பேரப்பிள்ளை எடுத்துவிட்டாள். இதை அவளுக்கு நான் சொன்னதில்லை. இந்த மலரில்தான் படிக்கப்போகிறாள்.

சண்டை முடிந்த பிறகு சிரம்பானை ஒட்டிய ராசாவில் குடியேறி, அந்த மலை இருக்கும் திசையில் ஜன்னல்கூட வைக்காமல் வீடு கட்டினேன். என் மனைவி இறந்த வருடம், பூங்காவில் காலையில் நடக்கும்போது நீங்கள் பேசிக்கொண்டது காதில் விழுந்தது. ஞாயிற்றுக்கிழமை அங்சி, கோலாப்பிலா பக்கத்து உலு பெண்டுலிலிருந்து. நானும் வரட்டுமா என்று கேட்டுவிட்டேன். ஏன் கேட்டேன் என்று இன்றுவரை தெரியவில்லை. பாறை அப்படியே இருந்தது. அதற்கடியில் எலும்பில்லை, துணியில்லை, இலைச்சருகுதான். ஏற்றத்தில் இப்போது கயிறு கட்டியிருக்கிறார்கள். நான் கடைசியாகக் கயிற்றைப் பிடித்தேன். பைக்கு அடியில் கை வந்தது, கொஞ்சம் இடப்பக்கமாக.

வேறு எந்த மலையிலும் வருவதில்லை. அங்சியில் வராமல் இருந்ததும் இல்லை. மேலே போய் ஒவ்வொரு முறையும் திரும்பிக் கை நீட்டுகிறேன். கிழவர் இறங்கப் பயந்து கை நீட்டுகிறார் என்று ஓடி வந்து பிடித்துக்கொள்கிறீர்கள். உங்களைச் சொல்லிக் குற்றமில்லை. பிடிக்க வேண்டியவன் இதுவரை பிடிக்கவில்லை.

போன மாதம் உச்சியில் வாசுகி என் பையை வாங்கி இறக்கி வைத்தாள். அவள் ஆஸ்பத்திரியில் நர்ஸ், எதையும் தொட்டவுடன் கவனிக்கிறவள். பையின் அடியில் கை வைத்தவள், "என்ன அங்கிள், சுடுதண்ணி பிளாஸ்க்கா கொண்டாந்தீங்க? இந்தக் கொதி கொதிக்குது" என்றாள். நான் ஆமாம் என்று சொல்லிவிட்டேன். வாசுகி, பையில் ஒரு மழைக்கோட்டும் ஒரு பொட்டலம் சோறும்தான் இருந்தன. சோறு காலையிலேயே ஆறிப்போனது. இத்தனை வருடமாகியும் அவனுக்குக் காய்ச்சல் இறங்கவில்லை.